என்எஃப்எஸ் சர்வரில் லாக் பட்டியல் எடுத்தாலே வேகம் விழுகிறது: வேறு எப்படிக் கண்காணிப்பது?

ஏழாம்_அடுக்கு கேட்டது:

வணக்கம். அமைப்பு இது: ஒரே லினக்ஸ் சர்வர், கர்னல் 6.1, எக்ஸ்எஃப்எஸ். அதன் மேல் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) 4.1. பத்துப் பன்னிரண்டு பழைய கிளையன்ட்கள் மட்டும் வெர்ஷன் 3-இல் மவுன்ட் செய்கின்றன. அதே டைரக்டரிகள் சாம்பா (விண்டோஸ் வழிப் பகிர்வு) வழியாகவும் பகிரப்படுகின்றன. மொத்தம் 300 கிளையன்ட். கோப்புகளின் மேல் யார் பூட்டு (லாக்) வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் /ப்ராக்/லாக்ஸ் கோப்பில் நெரிசல் நேரத்தில் 40,000 வரி வரை வருகிறது.

எந்தக் கோப்பை யார் பிடித்து வைத்துக்கொண்டு மற்றவர்களைக் காக்க வைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். இப்போது 10 செகண்டுக்கு ஒருமுறை, லாக்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்லாக்ஸ் கட்டளை ஓடுகிறது. வெளியீடு ஒரு பதிவுக் கோப்பில் சேர்கிறது. அது ஓடும் ஒவ்வொரு முறையும் லாக் கேட்கும் நிரல்கள் எல்லாம் ஒரு கணம் உறைந்து போகின்றன. நைஸ் 19 (மிகக் குறைந்த சிபியு முன்னுரிமை) கொடுத்தும் பயனில்லை. நிறுத்தினால் சரியாகிவிடுகிறது.

வெறுமனே படிப்பது ஏன் இவ்வளவு பாதிக்கிறது? அதற்குப் பதில் என்ன செய்யலாம்? ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் லாக்குக்கு எச்சரிக்கை வைத்தால் தினமும் நூற்றுக்கணக்கில் வந்து குவிகிறது. அந்த அளவுகோல் சரியா? சிக்கிக்கொண்ட லாக்கைப் பாதுகாப்பாக விடுவிப்பது எப்படி?

---

கர்னல்_வாசி:

முதலில் காரணம். /ப்ராக்/லாக்ஸ் வட்டில் இருக்கும் கோப்பு அல்ல. நீங்கள் படிக்கும் நேரத்தில் கர்னல் தன் லாக் பட்டியல்களை நடந்து பார்த்து உருவாக்கித் தருவது. அப்படி நடக்கும்போது பட்டியல் மாறக் கூடாது என்பதற்காக ஒரு செமஃபோரை (கர்னலின் உள் பூட்டு) பிடிக்கிறது. கர்னல் முழுமைக்கும் அது ஒன்றுதான். சாதாரணமாக லாக் எடுப்பவர்கள் அதை ரீட் முறையில் (பலர் ஒரே நேரத்தில்) பிடிப்பார்கள். சிபியு வாரியாகப் பிரிந்திருப்பதால் ஒருவர் மற்றவரை இடிப்பதில்லை. பட்டியலைப் படிப்பவரோ அதையே ரைட் முறையில் (ஒருவர் மட்டும்) பிடிக்கிறார். அந்த நேரத்தில் எந்தக் கோப்பு முறையாக இருந்தாலும், உள்ளூர் வட்டில் இருக்கும் டேட்டாபேஸ் உட்பட, புதிய லாக் எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. நைஸ் ஏன் உதவவில்லை என்பதும் இதில் அடக்கம்: நைஸ் சிபியு பங்கைத்தான் குறைக்கும், செமஃபோரைப் பிடித்திருக்கும் நேரத்தை அல்ல.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. ஒரு ரீட் அழைப்புக்கு அந்தக் கோப்பு சுமார் 4 கிலோபைட் மட்டுமே தரும். நீங்கள் 1 மெகாபைட் பஃபர் கொடுத்தாலும் அதே கதைதான். ஒரு வரி 50-55 பைட் என்றால் ஒரு அழைப்புக்கு 75 வரி. 40,000 வரிக்கு 530-க்கு மேற்பட்ட அழைப்புகள். ஒவ்வொரு அழைப்பும் விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கப் பட்டியலின் தலையிலிருந்து மறுபடி எண்ணிக்கொண்டு வருகிறது. சராசரியாக 20,000 பதிவு தாண்ட வேண்டும் என்று வைத்தால், ஒருமுறை முழுதாகப் படிக்க ஒரு கோடிக்கு மேற்பட்ட பதிவுகளைக் கடக்கிறீர்கள். லாக் எண்ணிக்கை இரட்டித்தால் செலவு நான்கு மடங்காகும். அழைப்புகளுக்கு இடையே செமஃபோர் விடுபடுவதால் கிடைக்கும் பட்டியலும் ஒரே கணத்தின் படமாக இருக்காது. சில வரிகள் இரண்டு முறை வரும், சில விடுபடும்.

எல்எஸ்லாக்ஸ் இதோடு நிற்பதில்லை. கோப்பின் பெயரைத் தேடி ஒவ்வொரு பிஐடியின் (ஓடும் நிரலின் எண்) ஃபைல் டிஸ்க்ரிப்டர்களையும் (அது திறந்து வைத்துள்ள கோப்புகள்) திறந்து ஸ்டாட் செய்கிறது (விவரம் கேட்கிறது). அதை என்எஃப்எஸ் கிளையன்ட்டில் ஓட்டினால் அந்த ஸ்டாட் ஒவ்வொன்றும் சர்வருக்குப் போகக்கூடும். சர்வர் பதில் தராத நேரத்தில் எல்எஸ்லாக்ஸே டி நிலையில் (காத்திருப்பில் உறைந்து) தொங்கிவிடும். ஆக, பிரச்சினை வரும்போதுதான் கருவியும் கைவிடும்.

இனி மாற்று. என் திடமான கருத்து: லாக் எத்தனை என்று எண்ண வேண்டாம், காத்திருப்பை அளவிடுங்கள். 40,000 லாக் இருப்பது நோய் அல்ல. ஒருவர் கேட்டுக் கிடைக்காமல் நிற்பதுதான் நோய். அதைக் கண்டுபிடிக்கப் பட்டியலே தேவையில்லை.

ஒவ்வொரு கிளையன்ட்டிலும் /ப்ராக்/செல்ஃப்/மவுன்ட்ஸ்டாட்ஸ் என்ற கோப்பு உண்டு. மவுன்ட் வாரியாக, செயல் வாரியாகக் கூட்டி வைத்த எண்கள். நெட்வொர்க்குக்குப் போகாது, லாக் பட்டியலைத் தொடாது. 15 அல்லது 30 செகண்டுக்கு ஒருமுறை படிக்கலாம். அதில் 'லாக்' என்று தொடங்கும் வரியில் ஒன்பது எண்கள் வரும்: செயல்கள், அனுப்பிய தடவைகள், டைம்அவுட், அனுப்பிய பைட், பெற்ற பைட், வரிசையில் நின்ற நேரம், ஆர்டிடி (கேள்வி போய்ப் பதில் வரும் நேரம்), மொத்த நேரம், கடைசியாகப் பிழைகள். பழைய கர்னல்களில் அந்த ஒன்பதாவது எண் இருக்காது.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. ஆர்டிடி-யை வரைபடமாக்கி 'லாக் வேகமாகத்தான் கிடைக்கிறது' என்று நினைத்துவிடுகிறார்கள். வெர்ஷன் 4-இல் லாக் கிடைக்காவிட்டால் சர்வர் உடனே 'மறுக்கப்பட்டது' என்று பதில் தந்துவிடும். லினக்ஸ் கிளையன்ட் 1 செகண்ட் பொறுத்து மறுபடி கேட்கும், பிறகு 2, 4, 8 என்று இரட்டித்து 30 செகண்ட் வரை போகும். ஒவ்வொரு கேள்விக்கும் ஆர்டிடி 1 மில்லிசெகண்ட்தான். நிரலோ அரை நிமிடமாகக் காத்துக் கிடக்கும். 4.1-இல் லாக் விடுபட்டதும் சர்வர் கால்பேக் (சர்வரே கிளையன்ட்டை அழைப்பது) மூலம் தெரிவிக்கும் வசதி உண்டு. ஆனால் ஏதோ காரணத்தால் கால்பேக் பாதை உடைந்திருந்தால் மறுபடியும் 30 செகண்ட் இடைவெளிதான். அதனால் பார்க்க வேண்டியது பிழை எண்ணின் ஏற்றம். ஒரே மவுன்ட்டில் இரண்டு அளவீடுகளுக்கு இடையே லாக் பிழை ஏறிக்கொண்டே போனால் அங்கே யாரோ வாசலில் நிற்கிறார்.

வெர்ஷன் 3 கிளையன்ட்களுக்கு இது பொருந்தாது. அங்கே லாக் வேறு புரோட்டோகால் வழியாகப் போவதால் மவுன்ட்ஸ்டாட்ஸ் கணக்கில் சேராது.

---

தடங்காண்பி:

மேலே சொன்னது கிளையன்ட் பக்கம். 300 இயந்திரத்திலும் ஏஜென்ட் போட முடியாது என்றால் சர்வரிலேயே மறுப்புகளை மட்டும் எண்ணலாம்.

கர்னலில் 'ஃபைல்லாக்' குழுவில் 'போசிக்ஸ்_லாக்_ஐநோட்' என்றொரு ட்ரேஸ்பாயின்ட் (நிகழ்வைக் கவனிக்கும் இடம்) இருக்கிறது. என்எஃப்எஸ்டி (என்எஃப்எஸ் சர்வர்) கேட்டாலும் சாம்பா கேட்டாலும் பைட்-ரேஞ்ச் லாக் (கோப்பின் ஒரு பகுதிக்கான பூட்டு) இந்த வழியாகத்தான் போகும். அதன் 'ரெட்' புலத்தில் முடிவு வரும்: 0 என்றால் கிடைத்தது, 1 என்றால் காத்திருப்பு வரிசையில் போட்டாயிற்று, -11 என்றால் மறுப்பு. பிபிஎஃப்ட்ரேஸில் (கர்னல் நிகழ்வுகளைக் கவனிக்கும் கருவி) 1 அல்லது -11 வந்தால் மட்டும் என்று ஃபில்டர் போட்டு, சாதன எண்ணையும் ஐநோட் எண்ணையும் (கோப்பின் உள் எண்) சாவியாக வைத்து எண்ணுங்கள். 30 செகண்டுக்கு ஒருமுறை முதல் 20-ஐ அச்சிட்டு மேப்பை (எண்ணிக்கை அட்டவணையை) அழித்துவிடுங்கள்.

செய்யக் கூடாதது: ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி அச்சிடுவது. லாக் எடுத்து விடுவது செகண்டுக்குப் பல ஆயிரம் என்றால் அச்சிடும் வேலையே சர்வரைத் தின்றுவிடும். எண்ணுவது கர்னலுக்குள்ளேயே நடக்கட்டும், கூட்டுத்தொகை மட்டும் வெளியே வரட்டும். மேப்பை அழிப்பதும் முக்கியம். பிபிஎஃப்ட்ரேஸில் ஒரு மேப்புக்கு இயல்பாக 4,096 சாவிதான். நிரம்பிவிட்டால் புதிய கோப்புகள் எண்ணிக்கையில் சேராமலே போகும்.

சாதன எண் அங்கே பதின்ம எண்ணாக வரும். 20 பிட் வலப்பக்கம் தள்ளினால் மேஜர், கீழ் 20 பிட் மைனர். /ப்ராக்/லாக்ஸிலோ மேஜரும் மைனரும் பதினாறடிமான எண்கள், ஐநோட் மட்டும் பதின்மம். இரண்டையும் ஒப்பிடும்போது இதைக் கவனிக்காமல் 'அப்படி ஒரு சாதனமே இல்லை' என்று தேடிக்கொண்டிருப்பது சகஜம்.

வரும் எண்ணிக்கை மறுப்புகளின் எண்ணிக்கை, காத்திருப்போரின் எண்ணிக்கை அல்ல. ஒரே கிளையன்ட் திரும்பத் திரும்பக் கேட்டால் ஒவ்வொன்றும் சேரும். ஜிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் கோப்பு முறைகள் தங்களுக்கென்று தனி லாக் பாதை வைத்திருப்பதால் இந்த எண்ணை அங்கே நம்ப வேண்டாம். எக்ஸ்எஃப்எஸ், எக்ஸ்ட்4-க்குச் சரியாக வரும்.

ஐநோட் எண் கிடைத்ததும் கோப்பின் பெயரைத் தேட ஃபைண்ட் கட்டளையை முழு மரத்தின் மேல் ஓட்டிவிடாதீர்கள். லாக் பிரச்சினையைத் தேடப் போய் மெட்டாடேட்டா பிரச்சினையை உண்டாக்கியதுபோல் ஆகும். பெயருக்கு வேறு வழி இருக்கிறது.

கர்னல் 5.3 முதல் சர்வரில் /ப்ராக்/எஃப்எஸ்/என்எஃப்எஸ்டி/கிளையன்ட்ஸ் என்ற டைரக்டரி உண்டு. வெர்ஷன் 4 கிளையன்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை டைரக்டரி. உள்ளே 'இன்ஃபோ', 'ஸ்டேட்ஸ்', 'சிடிஎல்' என்று மூன்று கோப்பு. 'இன்ஃபோ'வில் கிளையன்ட்டின் முகவரியும் நிலையும் கால்பேக் பாதை உயிரோடு இருக்கிறதா என்பதும் வரும். 'ஸ்டேட்ஸ்'-இல் ஓபன், லாக், டெலிகேஷன் (சர்வர் ஒரு கோப்பின் பொறுப்பைக் கிளையன்ட்டிடம் ஒப்படைப்பது) எல்லாம் சாதன எண், ஐநோட், கோப்புப் பாதையின் கடைசி இரண்டு பகுதிகளுடன் வரும். இதன் பெரிய நன்மை: படிக்கும்போது அந்த ஒரு கிளையன்ட்டின் ஸ்பின்லாக் (கர்னலின் சிறு உள் பூட்டு) மட்டுமே பிடிபடும். மற்ற 299 பேருக்கும் ஒன்றும் ஆகாது.

ஒரு பொறி இருக்கிறது. 'ஸ்டேட்ஸ்'-இல் லாக் வகைப் பதிவு ஒன்று இருந்தால், லாக் பிடிபட்டிருக்கிறது என்று பொருள் அல்ல. ஒரு உரிமையாளர் அந்தக் கோப்பில் வைத்திருக்கும் லாக் நிலை அது. அதன் கீழ் பல ரேஞ்ச் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ரேஞ்ச் விவரம் அங்கே வராது. ஆகவே 'ஸ்டேட்ஸ்' சந்தேக வட்டத்தைச் சுருக்கத்தான். உறுதி செய்ய, அப்போது மட்டும், /ப்ராக்/லாக்ஸை ஒரே ஒருமுறை படியுங்கள். அந்த ஐநோட் எண்ணுள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அம்புக்குறியோடு வரும் வரிகள் காத்திருப்பவர்கள்.

---

ஏழாம்_அடுக்கு:

இருவருக்கும் மிக்க நன்றி. பிழை எண்ணும் மறுப்பு எண்ணும் இப்போது ஓடுகின்றன, உறைதல் முற்றிலும் நின்றுவிட்டது. மூன்று சந்தேகம்.

பட்டியல் எடுக்கும் ஸ்கிரிப்டை எந்த அளவில் தூண்டுவது? ஒரு சோதனைக் கோப்பில் நிமிடத்துக்கு ஒருமுறை லாக் எடுத்து விட்டு நேரம் பார்க்கும் நிரல் ஒன்றும் வைத்தேன். கோப்பை ரீட் மட்டும் என்று திறந்து ஷேர்ட் லாக் எடுக்கிறது. சர்வர் திணறும்போதும் அது மைக்ரோசெகண்ட் கணக்கில்தான் காட்டுகிறது. மூன்றாவது, 'இன்ஃபோ'வில் சில கிளையன்ட்களுக்கு 'கர்ட்டசி' என்று நிலை வருகிறது. அந்த இயந்திரங்கள் அணைத்து வைக்கப்பட்டவை, ஆனாலும் அவற்றின் லாக் அப்படியே இருக்கிறது.

---

கர்னல்_வாசி:

சோதனைக் கோப்பு: உங்கள் கிளையன்ட்டுக்கு அந்தக் கோப்பின் மேல் ரீட் டெலிகேஷன் கிடைத்திருக்கிறது. டெலிகேஷன் கையில் இருந்தால் லினக்ஸ் கிளையன்ட் லாக்கைத் தன்னிடமே முடித்துக்கொள்ளும், சர்வரைக் கேட்காது. நீங்கள் அளந்தது உங்கள் சொந்த மெமரியின் வேகம். கோப்பை ரீட்-ரைட் என்று திறந்து எக்ஸ்க்ளூசிவ் லாக் எடுங்கள். கர்னல் 6.1 சர்வர் ரைட் டெலிகேஷன் தராது என்பதால் அது போதும். 6.6 முதல் லினக்ஸ் சர்வர் ரைட் டெலிகேஷனும் தருகிறது; அங்கே போனால் அதே கோப்பை வேறொரு கிளையன்ட்டும் எழுதத் திறந்து வைத்திருக்கும்படி செய்ய வேண்டும். லாக் வரி எண் மவுன்ட்ஸ்டாட்ஸில் ஏறுகிறதா என்று பார்த்தால் சோதனை உண்மையாகச் சர்வருக்குப் போகிறதா என்பது தெரிந்துவிடும். இந்தச் சோதனை லாக் பாதையின் தாமதத்தை மட்டுமே சொல்லும், மற்ற கோப்புகளில் உள்ள போட்டியைச் சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எஃப்லாக் (முழுக் கோப்பையும் பூட்டும் அழைப்பு) பயன்படுத்தும் நிரல்களும் உங்களிடம் இருக்கும். கர்னல் 2.6.12 முதல் என்எஃப்எஸ் கிளையன்ட் எஃப்லாக்கை முழுக் கோப்புக்குமான பைட்-ரேஞ்ச் லாக்காக மாற்றித்தான் அனுப்புகிறது. அதனால் சர்வர் பட்டியலில் அது போசிக்ஸ் என்றே தெரியும்.

கர்ட்டசி: கர்னல் 5.19-இல் வந்த மாற்றம். முன்பு லீஸ் காலம் (கிளையன்ட் தன் நிலையைப் புதுப்பிக்க வேண்டிய கெடு), இயல்பாக 90 செகண்ட், கடந்து கிளையன்ட் புதுப்பிக்காவிட்டால் சர்வர் அதன் நிலை எல்லாவற்றையும் தூக்கி எறியும். இப்போது வேறு யாரும் அந்த லாக்கோடு மோதாத வரை 24 மணி நேரம் வரை விட்டு வைக்கிறது. யாராவது மோதினால் அப்போதே விடுவித்துவிடும். ஆகவே அவற்றால் தீங்கில்லை. உங்கள் 'ஒரு மணி நேர' எச்சரிக்கைக் குவியலில் இவற்றுக்கும் பங்கு இருக்கும். வயது எச்சரிக்கையை எடுத்துவிடுங்கள். ஒரு டேட்டாபேஸ் தன் கோப்பைத் தொடங்கிய நாள் முதல் பிடித்து வைத்திருப்பது சரியான நடத்தை. /ப்ராக்/லாக்ஸில் நேரமும் கிடையாது. அதைக் கணக்கிட அடுத்தடுத்த பட்டியல்களை ஒப்பிட வேண்டியிருந்ததால்தான் 10 செகண்ட் ஓட்டமே தேவைப்பட்டது. ஆணிவேர் அது.

தூண்டும் அளவு: ஒரே ஐநோட்டில் அடுத்தடுத்து இரண்டு 30 செகண்ட் அளவீடுகளிலும் மறுப்பு இருந்தால் பட்டியல் எடுங்கள். ஒருமுறை எடுத்தபின் குறைந்தது 5 நிமிடம் மறுபடி எடுக்கக் கூடாது. ஸ்கிரிப்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க எஃப்லாக் கட்டளையைக் காத்திருக்காத முறையில் போடுங்கள். அதற்கான கோப்பு /ரன் அடியில், உள்ளூரில், இருக்க வேண்டும், என்எஃப்எஸ் மேல் அல்ல. கண்காணிப்பு ஏஜென்டைக் கன்டெய்னருக்குள் வைத்தால் /ப்ராக்/லாக்ஸ் கிட்டத்தட்ட காலியாகத் தெரியலாம். அந்த பிஐடி நேம்ஸ்பேஸில் தெரியாத பிஐடிகளின் வரிகளைக் கர்னல் மறைத்துவிடும். 'லாக் எதுவுமே இல்லை' என்று நம்பிவிடாதீர்கள்.

விடுவிப்பது பற்றி. வெர்ஷன் 4-க்கு, அந்தக் கிளையன்ட்டின் 'சிடிஎல்' கோப்பில் 'எக்ஸ்பயர்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தில், வரி முடிவோடு எழுதினால் போதும். ஆனால் ஒரு லாக் மட்டும் போகாது. அந்தக் கிளையன்ட்டின் எல்லா ஓபனும் எல்லா லாக்கும் போகும். லாக் இழந்த கோப்புகளில் அந்தக் கிளையன்ட் எழுத முயன்றால் இஐஓ (உள்ளீடு-வெளியீடு) பிழை வரும், மூடித் திறக்கும் வரை. அது வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. 'ரிகவர்_லாஸ்ட்_லாக்ஸ்' என்ற மாட்யூல் அளவுருவை 1 ஆக்கி அந்தப் பிழையை மறைக்கச் சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். இடையில் வேறொருவர் லாக் எடுத்து எழுதியிருந்தால் கோப்பு ஓசையின்றிக் கெடும். முதலில் கிளையன்ட்டில் அந்த நிரலை நிறுத்திப் பாருங்கள், எக்ஸ்பயர் கடைசி வழி.

வெர்ஷன் 3-க்கு லீஸ் கிடையாது. கிளையன்ட் செத்துவிட்டால், அது மறுபடி எழுந்து ஸ்டாட்டிடி (மறுதொடக்கத்தை அறிவிக்கும் சேவை) வழியாகத் தெரிவிக்கும் வரை லாக் அப்படியே கிடக்கும். அதை விடுவிக்க 'அன்லாக்_ஐபி' கோப்பைத் தேடிப் போவீர்கள். அதில் எழுத வேண்டியது சர்வரின் ஐபி. கிளையன்ட் ஐபி என்று நினைத்து எழுதினால் ஒன்றும் நடக்காது; சர்வர் ஐபியை எழுதினால் அந்த முகவரி வழியாக வந்த எல்லாருடைய வெர்ஷன் 3 லாக்கும் போகும். அந்தப் பத்துப் பன்னிரண்டு இயந்திரங்களை 4.1-க்கு மாற்றுவதே சரியான மருந்து.

---

பகிர்வுக்கோப்பு:

சாம்பா பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் இது.

எஸ்எம்பி-யில் (சாம்பா பேசும் புரோட்டோகால்) 'கோப்பு பயன்பாட்டில் உள்ளது' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை பைட்-ரேஞ்ச் லாக் அல்ல, ஷேர் மோட். ஒருவர் கோப்பைத் திறக்கும்போதே மற்றவர் எழுதக் கூடாது என்று சொல்லித் திறக்கிறார். அது சாம்பாவின் லாக்கிங்.டிடிபி என்ற தரவுக் கோப்பில் இருக்கும்; கர்னல் லாக்காக மாறாது. ஆகவே மேலே சொன்ன ட்ரேஸ்பாயின்ட்டிலும் தெரியாது, என்எஃப்எஸ் பக்கமும் அதை மதிக்காது. ஒரே கோப்பை இரு பக்கமும் எழுதுவதாக இருந்தால் இதை மனத்தில் வையுங்கள். பைட்-ரேஞ்ச் லாக் மட்டும் 'போசிக்ஸ் லாக்கிங்' அமைப்பு வழியாகக் கர்னலுக்குப் போகும். இயல்பிலேயே அது 'எஸ்' தான்.

சாம்பாவின் நிலையைக் காட்டும் எஸ்எம்பிஸ்டேட்டஸ் கட்டளையைப் பெரிய எழுத்து எல் விருப்பத்தோடு ஓட்டினால் லாக்கிங்.டிடிபி முழுதும் நடக்கும். பெரிய எழுத்து பி என்றால் பைட்-ரேஞ்ச் லாக்குகள். சிறிய எழுத்து எஃப் சேர்த்தால் ஒவ்வொரு பதிவின் புராசஸும் உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்ப்பதை விட்டுவிடும். வேகம் கூடும், செத்துப்போன சில பதிவுகள் பட்டியலில் வரும், கண்காணிப்புக்கு அது பரவாயில்லை. ஒருவரைப் பற்றிய புகார் என்றால் சிறிய எழுத்து யு-வோடு பயனர் பெயரைக் கொடுத்துச் சுருக்குங்கள். சாம்பா 4.17 முதல் ஜேசன் வெளியீடும் உண்டு, உரையைப் பிய்த்து எடுக்க வேண்டாம். 5 நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை. புகார் வரும்போது மட்டும் என்றால் இன்னும் நல்லது.

பின்னாளில் சிடிடிபி கிளஸ்டருக்கு (பல சர்வர்களில் சேர்ந்து ஓடும் சாம்பா) போனால், எஸ்எம்பிஸ்டேட்டஸை ஒரே நோடில் மட்டும் ஓட்டுங்கள். அது எல்லா நோடையும் சுற்றி வந்துதான் பட்டியல் தரும். ஒவ்வொரு நோடிலும் கிரானில் போட்டால் நான்கு நோடுக்கு நான்கு முழுச் சுற்று. அங்கே முதலில் பார்க்க வேண்டியது சிடிடிபி-யின் டிபி புள்ளிவிவரம்: லாக்கிங்.டிடிபி-யில் எந்தச் சாவி நோடுகளுக்கிடையே அதிகம் தாவுகிறது என்று காட்டும். பெரும்பாலும் எல்லாரும் திறக்கும் ஒரே டைரக்டரியாகத்தான் இருக்கும்.

விண்டோஸ் ஃபைல் சர்வரும் கலந்திருந்தால்: கெட்-எஸ்எம்பிஓபன்ஃபைல் கட்டளை தேவைப்படும்போது மட்டும். 5145 ஆடிட் நிகழ்வை லாக் கண்காணிப்புக்காக இயக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு அணுகலுக்கும் ஒரு பதிவு விழுந்து செக்யூரிட்டி பதிவேடு நிரம்பும். நெட்ஆப் சேமிப்புச் சாதனம் என்றால் விசர்வர் லாக்ஸ் ஷோ கட்டளைக்கு வால்யூம் அல்லது கிளையன்ட் முகவரி ஃபில்டர் கொடுக்காமல் ஓட்ட வேண்டாம்.

---

ஏழாம்_அடுக்கு:

சோதனைக் கோப்பை ரீட்-ரைட் ஆக்கியதும் மவுன்ட்ஸ்டாட்ஸில் லாக் எண் நிமிடத்துக்கு ஒன்று ஏறுகிறது, தாமதமும் உண்மையாகத் தெரிகிறது. வயது எச்சரிக்கையை எடுத்துவிட்டேன். மறுப்புப் பட்டியலில் ஒரே ஒரு ஐநோட் மற்ற எல்லாவற்றையும்விடப் பல மடங்கு மேலே நிற்கிறது. அதைப் பிடித்திருக்கும் கிளையன்ட்டின் 'இன்ஃபோ'வில் கால்பேக் நிலை டவுன் என்று வருகிறது. காத்திருக்கும் கிளையன்ட்கள் சிலவற்றிலும் அதே டவுன்.

---

கர்னல்_வாசி:

பிடித்திருப்பவரின் டவுனைவிடக் காத்திருப்பவர்களின் டவுன்தான் இங்கே முக்கியம். லாக் விடுபட்ட செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, அதனால் 30 செகண்ட் இடைவெளியில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். 4.1-இல் கால்பேக் கிளையன்ட் திறந்த அதே டிசிபி இணைப்பிலேயே திரும்பி வரும், தனி போர்ட் தேவையில்லை. ஆகவே 'இன்ஃபோ'வில் மைனர் வெர்ஷன் எண்ணை முதலில் பாருங்கள். 0 என்றால் அவை 4.0-இல் மவுன்ட் ஆகியிருக்கின்றன. அதில் சர்வர் கிளையன்ட்டை நோக்கித் தனி இணைப்பு திறக்க வேண்டும், ஃபயர்வாலோ நாட்-ஓ (ஐபி முகவரி மாற்றி) அதைத் தடுக்கும், லாக் அறிவிப்பு வசதியும் அந்த வெர்ஷனில் கிடையாது. மவுன்ட் விருப்பத்தில் வெர்ஷனை 4.1 என்று வெளிப்படையாகக் கொடுத்து, அன்மவுன்ட் செய்து மறுபடி மவுன்ட் செய்யுங்கள். ரீமவுன்ட் மட்டும் செய்தால் வெர்ஷன் மாறாது.